பேச்சுக்கு முன்னால் சுட்டுவிரல்

"பேச்சு மொழி வருவதற்கு முன்னால் மனிதர்கள் ஒருவரோடு ஒருவர் எப்படித் தொடர்பு கொண்டிருப்பார்கள்? சைகையா, சத்தமா, குகை ஓவியமா?" என்பது கேள்வி.

குகை ஓவியத்தை முதலிலேயே தள்ளி வைத்துவிடலாம். இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில் ஒரு குகைச் சுவரில் காட்டுப்பன்றி ஒன்றும் அதைச் சுற்றி மனித உருவங்களும் வரையப்பட்டிருக்கின்றன. அதன் வயது குறைந்தது 51,200 ஆண்டுகள் என்று 2024இல் கணித்தார்கள். கேட்க மிகப் பழையதாகத் தோன்றும். ஆனால் மொழியின் கதையில் அது நேற்று நடந்தது. ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் வாழும் சான் மக்களின் முன்னோர்கள் மற்ற மனிதர்களின் முன்னோர்களிடமிருந்து 1 லட்சம் ஆண்டுகளுக்கும் முன்பே பிரிந்துவிட்டார்கள் என்கிறது மரபணு ஆய்வு. அவர்களுக்கும் முழுமையான மொழி இருக்கிறது, நமக்கும் இருக்கிறது. பிரிந்த பிறகு இரண்டு பக்கமும் தனித்தனியாக ஒரே திறமையைக் கண்டுபிடித்தார்கள் என்று சொல்வதைவிட, பிரியும்போதே அந்தத் திறமையோடுதான் பிரிந்தார்கள் என்று சொல்வது பொருத்தம். ஆக, அந்தப் பன்றியை வரைந்தவர்கள் வரைந்துகொண்டே வம்பும் பேசியிருப்பார்கள். நாம் தேட வேண்டிய காலம் அதற்கு வெகுதூரம் பின்னால் இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பேச்சு எலும்பாக மிஞ்சாது, சைகை கல்லில் பதியாது. அதனால் இந்தத் துறையில் ஒரு காலத்தில் ஆளாளுக்கு ஒரு கதை கட்டினார்கள். விலங்குகளின் சத்தத்தைப் போலச் சொல்லிப் பார்த்து மொழி வந்தது என்றார் ஒருவர், வலியில் கத்தியதிலிருந்து வந்தது என்றார் இன்னொருவர். தொல்லை தாங்காமல் பாரிஸ் மொழியியல் சங்கம் 1866இல், மொழியின் தோற்றம் பற்றிய கட்டுரை எதையும் ஏற்க மாட்டோம் என்று தன் விதிகளிலேயே எழுதி வைத்தது. இன்று நிலைமை அவ்வளவு மோசமில்லை. நேரடிச் சாட்சி இல்லை என்பது உண்மைதான். ஆனால் மனிதக் குரங்குகள், பேச்சு வராத குழந்தைகள், காது கேளாத பிள்ளைகள், பழைய கற்கருவிகள், எலும்புகள் என்று பல பக்கத்திலிருந்து சுற்றிவளைத்து வரமுடிகிறது.

என் பதிலைச் சுருக்கமாக முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சைகையா சத்தமா என்ற கேள்வியே கொஞ்சம் கோணல். இரண்டும் ஆரம்பத்திலிருந்தே சேர்ந்துதான் இருந்திருக்க வேண்டும். அந்த இரண்டுக்கும் முன்னால் வேறொன்று வந்தாக வேண்டும். "அதோ பார்" என்று இன்னொருவருக்குக் காட்ட வேண்டும் என்ற ஆசைதான் அது.

என் அக்கா பேரனுக்குப் பதினோரு மாதம் இருந்தபோது ஒருநாள் மாலை அவனை மடியில் வைத்திருந்தேன். டியூப்லைட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு பல்லி எட்டிப் பார்த்தது. அவன் விரலை நீட்டி "ஆங்" என்றான். நீட்டிய விரலை இறக்காமல் திரும்பி என் முகத்தைப் பார்த்தான். நான் வேண்டுமென்றே பக்கத்திலிருந்த கடிகாரத்தைப் பார்த்து "ஆமா, கடிகாரம்" என்றேன். அவனுக்குப் பிடிக்கவில்லை. இன்னும் உரக்க "ஆங்!" என்று மறுபடி விரலை நீட்டினான். "அட, பல்லி!" என்றதும்தான் முகம் மலர்ந்தது. அவனுக்குப் பல்லி வேண்டியதில்லை, எடுத்துத் தரச் சொல்லவும் இல்லை. அவன் பார்த்ததை நானும் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

ஜெர்மனியின் லைப்சிக் நகரில் மைக்கேல் டோமசெல்லோவின் குழு ஒரு வயதுக் குழந்தைகளை வைத்து இதையே முறையாகச் சோதித்தது. குழந்தை ஒரு பொம்மையைச் சுட்டும்போது பெரியவர் பொம்மையை மட்டும் பார்த்தாலும் குழந்தைக்குத் திருப்தியில்லை, குழந்தையை மட்டும் பார்த்துச் சிரித்தாலும் திருப்தியில்லை. இரண்டையும் மாறி மாறிப் பார்த்து வியந்தால்தான் சரி. அந்த வயதில் அவர்கள் வாயில் இரண்டு மூன்று சொல் இருந்தாலே அதிகம். ஆனால் "நான் பார்ப்பதை நீயும் பார்" என்ற பெரிய செய்தி அதற்குள் விரலில் வந்துவிடுகிறது.

காட்டில் வாழும் சிம்பன்சிகள் இப்படிச் சுட்டிக்காட்டுவது மிக மிக அரிது. மனிதர்களோடு வளர்ந்தவை, எட்டாத வாழைப்பழத்தை நோக்கிக் கையை நீட்டக் கற்றுக்கொள்ளும். அது "கொடு". சும்மா காட்டி மகிழ்வதற்காக ஒரு சிம்பன்சி இன்னொன்றுக்குப் பல்லியைக் காட்டுவது அநேகமாக இல்லை.

இதை வைத்துக்கொண்டு, குரங்குகள் என்ன செய்கின்றன என்று பார்ப்போம். ஏனென்றால் நமக்கும் சிம்பன்சிக்கும் பொதுவான மூதாதை வாழ்ந்து 60, 70 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. இரண்டு பேரிடமும் இருப்பது அந்த மூதாதையிடமும் இருந்திருக்க வாய்ப்பு அதிகம்.

குரலில் தொடங்கலாம். கென்யாவின் அம்போசெலியில் வெர்வெட் என்ற சிறு குரங்குகள் இருக்கின்றன. சிறுத்தைக்கு ஒரு கத்தல், கழுகுக்கு ஒன்று, பாம்புக்கு ஒன்று என்று தனித்தனியாக வைத்திருக்கின்றன. 1980இல் ராபர்ட் சேஃபார்த், டோரதி செனி, பீட்டர் மார்லர் மூவரும் இந்தக் கத்தல்களைப் பதிவு செய்து, மறைத்து வைத்த ஒலிபெருக்கியில் போட்டுப் பார்த்தார்கள். எதிரில் எந்த விலங்கும் இல்லை. ஆனாலும் சிறுத்தைக் கத்தலுக்கு மரத்தில் ஏறின, கழுகுக் கத்தலுக்கு வானத்தைப் பார்த்தன, பாம்புக் கத்தலுக்குப் பின்னங்காலில் நின்று புல்லைத் துழாவின. குட்டிகள் உதிர்கிற இலையைப் பார்த்துக்கூட "கழுகு" என்று கத்திவிடும், வளர வளரத்தான் திருந்தும். ஐவரி கோஸ்டில் "தாய்" என்ற பெயருள்ள காட்டில் வாழும் காம்ப்பெல் குரங்குகள் இன்னும் ஒரு படி மேலே போகின்றன. "கிராக்" என்றால் சிறுத்தை. "கிராக்-ஊ" என்றால் பொதுவாக ஏதோ தொந்தரவு, கவனம். ஒரு விகுதியைச் சேர்த்துப் பொருளை மாற்றுகிறது என்றால், இலக்கண ஆசிரியர்களே ஒரு நிமிடம் நின்று பார்ப்பார்கள்.

ஆனாலும் இந்தக் கத்தல்களின் எண்ணிக்கை மிகக் குறைவு, பிறவியிலேயே வருபவை. புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்ளக் குரங்கின் வாய் ஒத்துழைக்காது. 1947 முதல் அமெரிக்காவில் ஹேய்ஸ் தம்பதி விக்கி என்ற சிம்பன்சிக் குட்டியைப் பெற்ற பிள்ளைபோல வீட்டில் வளர்த்தார்கள். உதட்டைக் கையால் பிடித்து அசைத்தெல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். பல ஆண்டு உழைப்புக்குப் பலன் "மாமா", "பாப்பா", "கப்" என்று கரகரப்பான மூன்று நான்கு சொற்கள். 1966இல் கார்ட்னர் தம்பதி வேறு வழியில் யோசித்தார்கள். வாயை விட்டுவிட்டுக் கையைப் பிடித்தார்கள். வாஷோ என்ற சிம்பன்சிக்கு அமெரிக்கச் சைகை மொழியின் அடையாளங்களைக் கற்பித்தபோது அது சுமார் 130 வரை கற்றுக்கொண்டது. அதை மொழி என்று சொல்லலாமா என்று பிறகு பெரிய சண்டையே நடந்தது, அது தனிக்கதை. நமக்கு வேண்டியது ஒன்றுதான்: மனிதக் குரங்கின் கை அதன் நாக்கைவிட எவ்வளவோ சுதந்திரமானது.

காட்டிலும் அப்படித்தான். உகாண்டாவின் புடோங்கோ காட்டில் கேத்தரின் ஹோபெய்ட்டரும் ரிச்சர்ட் பைர்னும் சிம்பன்சிகளின் சைகைகளைப் பல ஆயிரம் முறை படம்பிடித்துப் பார்த்தார்கள். அவை வேண்டுமென்றே பயன்படுத்தும் சைகைகளுக்கு 19 பொருள் இருப்பதாக 2014இல் வெளியிட்டார்கள். சிம்பன்சி சைகை காட்டிவிட்டுக் காத்திருக்கும். எதிராளி கவனிக்காவிட்டால் மறுபடி காட்டும், அல்லது வேறு சைகைக்கு மாறும். வேண்டியது கிடைத்ததும் நிறுத்திவிடும். பொருள் என்ன என்பதை ஆய்வாளர்கள் கண்டுபிடித்ததே, எப்போது நிறுத்துகிறது என்பதை வைத்துத்தான். ஆண் சிம்பன்சி ஓர் இலையைப் பல்லால் சரக் சரக்கென்று கிழிக்கும். அது பெண்ணுக்கு விடும் தூது. தாய் தன் காலைத் தூக்கிக் காட்டினால் குட்டிக்கு "வா, முதுகில் ஏறு".

2023இல் இதே குழு இன்னொரு வேடிக்கை செய்தது. சிம்பன்சி, அதன் நெருங்கிய உறவான பொனோபோ ஆகியவற்றின் சைகைக் காணொளிகளை இணையத்தில் போட்டு, பொருள் என்ன என்று மனிதர்களைக் கேட்டது. 5,500க்கும் அதிகமானோர் பதில் சொன்னார்கள். நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும், கண்ணை மூடிக்கொண்டு சொன்னால் 25 சதவீதம் வரும். அவர்களோ பாதிக்கு மேல் சரியாகச் சொன்னார்கள். அந்தச் சைகைகளை நாம் இப்போது பயன்படுத்துவதில்லை, ஆனால் மொத்தமாக மறந்துவிடவும் இல்லை போலிருக்கிறது.

இதையெல்லாம் பார்த்துச் "சரி, அப்படியென்றால் கைதான் முதல்" என்று சிலர் முடித்துவிடுகிறார்கள். நானும் முன்பு அப்படித்தான் நினைத்தேன். என்னை யோசிக்க வைத்தது 2012இல் வந்த ஓர் ஆய்வு. அதே புடோங்கோ காட்டில் பொம்மைப் பாம்பை வழியில் வைத்தார்கள். பாம்பை ஏற்கெனவே பார்த்துவிட்ட தோழர்கள் பக்கத்தில் இருந்தால் சிம்பன்சி குறைவாகக் கத்தியது. பார்க்காதவர்கள் வந்தால் அதிகம் கத்தியது. அதாவது அந்தக் கத்தல் வெறும் பயத்தில் பீறிட்டு வருவது மட்டுமல்ல, "அவனுக்குத் தெரியாது" என்ற கணக்கு அதற்குள் இருக்கிறது. குரலையும் முழுக்கத் தள்ளிவிட முடியாது.

அப்படியானால் சொற்களே இல்லாத குரலால் எவ்வளவு சொல்ல முடியும்?

நம் வீட்டிலேயே பாருங்கள். "ம்" என்ற ஒன்றை வைத்துக்கொண்டு நாம் ஒரு நாள் முழுக்க ஓட்டுகிறோம். "ம்?" என்றால் என்ன கேட்டாய். "ம்ம்" என்றால் சரி. "ம்ஹூம்" என்றால் முடியாது. இழுத்து "ம்ம்ம்..." என்றால் பார்க்கலாம், வாக்குத் தரவில்லை. "த்சு த்சு" என்றால் பரிதாபம். அந்த ஒலிக்குத் தமிழில் எழுத்தே கிடையாது, ஏதோ ஒப்பேற்றி எழுதுகிறோம். நாயைக் கூப்பிடத் "தோ தோ", ஏவிவிடச் "சூ", மாட்டை ஓட்ட "ஹை ஹை". இவற்றுக்கெல்லாம் வேற்றுமையும் இல்லை, காலமும் இல்லை. ஆனால் வேலை நடக்கிறது.

போலந்து ஆய்வாளர் அலெக்ஸாண்ட்ரா ச்வியெக்கும் அவர் குழுவும் 2021இல் இதைப் பெரிய அளவில் சோதித்தார்கள். சிலரை அழைத்து, சொல் எதையும் பயன்படுத்தாமல் வெறும் குரலால் "புலி", "நெருப்பு", "தூக்கம்", "சாப்பிடு", "வெட்டு" போன்ற 30 பொருள்களைக் காட்டச் சொன்னார்கள். அந்தப் பதிவுகளைப் பல நாட்டினருக்கும் பல மொழியினருக்கும் போட்டுக் காட்டியபோது, குருட்டாம்போக்கில் வருவதைவிட எவ்வளவோ அதிகமாகச் சரியாகப் புரிந்துகொண்டார்கள். தூக்கம் கிட்டத்தட்ட எல்லாருக்கும் புரிந்தது. குறட்டை விட்டால் புரியாதா? எல்லாவற்றிலும் குறைவாகப் புரிந்தது எது தெரியுமா? "அது" என்ற சொல்.

இந்த இடத்தில்தான் எனக்குப் பல்லி ஞாபகம் வந்தது. புலியைக் குரலால் காட்டிவிடலாம். "அது" என்பதைக் குரலால் காட்டுவதுதான் கடினம். அதுவே விரலுக்கு உலகத்திலேயே சுலபமான வேலை. நம் இலக்கணக்காரர்கள் அ, இ, உ மூன்றையும் சுட்டெழுத்து என்றார்கள். நீட்டும் விரலுக்குப் பெயர் சுட்டுவிரல். இரண்டுக்கும் ஒரே சொல். தூரத்தில் இருப்பது அது, பக்கத்தில் இருப்பது இது, இடைப்பட்டது உது. யாழ்ப்பாணத்தில் இன்றும் "உது என்ன?" என்று கேட்பார்கள். ஆனால் இந்தச் சொற்கள் தனியாக நின்றால் பாதிதான். இருட்டில் ஒருவர் "அதை எடு" என்றால் நாம் முழிக்கத்தான் வேண்டும். மொழி முற்றிய பிறகும் கையை நம்பி நிற்கும் சொற்கள் இவை.

ஒலிக்கும் வடிவத்துக்கும் உள்ள உறவையும் சொல்லாமல் போக முடியாது. வளைந்து குண்டாக ஒரு படம், முள் முள்ளாக ஒரு படம். "பூபா" எது, "கிக்கி" எது? வி.எஸ். ராமச்சந்திரனும் எட்வர்ட் ஹப்பர்டும் 2001இல் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடமும் இந்தியாவில் தமிழ் பேசுபவர்களிடமும் கேட்டதில் 95 சதவீதத்துக்கு மேல் குண்டுப் படத்தைத்தான் பூபா என்றார்களாம். பிறகு 25 மொழி பேசுவோரிடம் சோதித்தபோது அந்த அளவு 72 சதவீதம் வந்தது. முதலில் சொன்னதைவிடக் குறைவுதான், ஆனால் தற்செயல் என்று தள்ளிவிட முடியாத அளவு. தமிழனுக்கு இது பெரிய ஆச்சரியமாக இருக்கக் கூடாது. "வழவழ" என்பதையும் "சொரசொர" என்பதையும் தமிழே தெரியாத ஒருவரிடம் சொல்லி, எது எண்ணெய் தடவிய கல், எது உப்புத்தாள் என்று கேட்டுப் பாருங்கள். இரண்டும் சத்தத்தின் பெயர் அல்ல, தொடுதலின் பெயர். ஆனாலும் நாக்கு அதை நடித்துக் காட்டிவிடுகிறது. முதல் சொற்கள் வெறும் இடுகுறியாக வானத்திலிருந்து விழவில்லை, இந்த மாதிரி நடிப்பிலிருந்து தேய்ந்து வந்திருக்கலாம் என்பது நியாயமான ஊகம்.

அடுத்து, கையை மட்டும் வைத்துக்கொண்டு மனிதர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்போம். சூசன் கோல்டின்-மெடோ 2008இல் செய்த சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. ஆங்கிலம், ஸ்பானிஷ், சீனம், துருக்கி மொழி பேசுவோரைக் கூப்பிட்டுச் சின்னச் சின்னக் காட்சிகளைக் காட்டினார். ஒரு பெண் ஒரு குமிழைத் திருகுகிறாள், இப்படி. வாயால் சொல்லச் சொன்னால் அவரவர் மொழியின் வரிசையில் சொன்னார்கள். ஆங்கிலத்தில் "பெண் திருகுகிறாள் குமிழை" என்ற வரிசை. அப்புறம், வாயைத் திறக்காமல் கையால் மட்டும் சொல்லச் சொன்னார். நான்கு மொழிக்காரர்களும் ஒரே வரிசைக்கு வந்துவிட்டார்கள்: முதலில் பெண், அடுத்தது குமிழ், கடைசியில் திருகுதல். அதாவது "பெண் குமிழைத் திருகுகிறாள்". நம்முடைய எழுவாய், செயப்படுபொருள், பயனிலை. இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில், பெதூயின் அரபு மக்கள் வாழும் அல்-சய்யித் என்ற ஊரில் காது கேளாதோர் நிறையப் பேர் பிறந்ததால் அங்கே தானாகவே உருவான ஒரு சைகை மொழியிலும் இதே வரிசைதான்.

இதைப் படித்தவுடன் "உலகின் முதல் மொழி தமிழ், அறிவியல் நிரூபித்தது" என்று யாரும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட வேண்டாம். துருக்கி, ஜப்பான், இந்தி எல்லாவற்றுக்கும் இதே வரிசைதான், உலக மொழிகளில் அதிகம் காணப்படுவதும் இதுதான். ஆய்வு சொல்வது வேறு: ஆளையும் பொருளையும் முதலில் மேடையில் நிறுத்திவிட்டு, அப்புறம் நடந்ததைச் சொல்வது மனத்துக்கு இயல்பாக வருகிறது. சொல் இல்லாத காலத்திலும் கையால் கதை சொன்னவர்கள் அந்த வரிசையில் சொல்லியிருக்கலாம்.

நிகரகுவாவில் நடந்தது இதைவிடப் பெரிய கதை. அந்த நாட்டில் 1970கள் வரை காது கேளாத பிள்ளைகள் வீட்டுக்குள்ளேயே வளர்ந்தார்கள். ஒவ்வொரு வீட்டிலும் அம்மாவும் பிள்ளையும் தங்களுக்குள் ஒப்பேற்றிக்கொண்ட சில சைகைகள், அவ்வளவுதான். 1977இல் தலைநகர் மனாகுவாவில் அவர்களுக்கு ஒரு பள்ளி வந்தது. 1979 புரட்சிக்குப் பிறகு கூட்டம் பெருகி, 1983வாக்கில் 400 பேருக்கு மேல் சேர்ந்துவிட்டார்கள். ஆசிரியர்கள் உதட்டசைவைப் பார்த்து ஸ்பானிஷ் கற்றுக்கொள்ளச் சொன்னார்கள். வகுப்பில் அது ஏறவில்லை. ஆனால் விளையாட்டு மைதானத்திலும் பள்ளிப் பேருந்திலும் பிள்ளைகள் தங்கள் வீட்டுச் சைகைகளைக் கொண்டுவந்து கலந்தார்கள். பெரியவர்கள் யாரும் கற்றுத்தராமல் ஒரு புதிய மொழி வளர ஆரம்பித்தது. பிள்ளைகள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று ஆசிரியர்களுக்கே புரியாமல், 1986இல் ஜூடி கெகல் என்ற அமெரிக்க மொழியியலாளரை அரசு வரவழைத்தது. அவர் பார்த்தபோது ஒரு விஷயம் பளிச்சென்று தெரிந்தது: முதலில் வந்த பெரிய பிள்ளைகளைவிட, பிறகு வந்த சின்னப் பிள்ளைகளின் கைகளில்தான் மொழி சரளமாக ஓடியது.

அந்தச் சரளம் எதில் இருக்கிறது என்று ஆன் செங்காஸும் அவர் கூட்டாளிகளும் 2004இல் காட்டினார்கள். ஒரு பூனை பந்தை விழுங்கிவிட்டுச் சரிவில் உருண்டுகொண்டே இறங்கும் கார்ட்டூனைப் போட்டு, அதைச் சொல்லச் சொன்னார்கள். காது கேட்கும் நிகரகுவாக்காரர்கள் பேசும்போது கையைச் சுழற்றிக்கொண்டே கீழே கொண்டுவந்தார்கள். நடந்ததை அப்படியே படம் பிடித்தது போல, ஒரே அசைவு. பள்ளியின் முதல் தலைமுறையும் பெரும்பாலும் அப்படித்தான். பின்னால் வந்த பிள்ளைகளோ அதை இரண்டாக உடைத்தார்கள். முதலில் "உருள்" என்று ஒரு சைகை, அடுத்து "இறங்கு" என்று ஒரு சைகை. தமிழில் நாம் "உருண்டு இறங்கியது" என்று இரண்டு துண்டாகச் சொல்கிறோமே, அதுபோல. நிஜத்தில் உருள்வதும் இறங்குவதும் ஒரே நேரத்தில்தான் நடக்கின்றன. ஆனால் அதைத் துண்டுபோட்டால்தான் நாளைக்கு "உருண்டு ஏறியது", "குதித்து இறங்கியது" என்று வேறு விதமாகக் கோக்க முடியும். நடிப்பு மொழியாக மாறும் இடம் என்று ஒன்று இருந்தால் அது இந்த உடைப்புதான் என்பது என் கருத்து.

ஒரு எச்சரிக்கையும் வேண்டும். அந்தப் பிள்ளைகளின் மூளை நம்முடையதைப் போன்ற முழு மனித மூளை. 10 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய மனிதர்களையும் இப்படி ஒன்றாகச் சேர்த்துவிட்டால் பத்தே ஆண்டில் மொழி பிறந்துவிடும் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. பல நூறு தலைமுறைகள் அந்த முதல் படியிலேயே நின்றிருக்கலாம்.

அந்த முதல் படியில் நின்றவர்கள் அன்றாடம் எதைப் பற்றித் தொடர்பு கொண்டிருப்பார்கள்? இதற்குக் கல் கொஞ்சம் பதில் சொல்கிறது. சென்னையிலிருந்து சுமார் 60 கிலோமீட்டரில், கொசஸ்தலை ஆற்றங்கரையில் அத்திரம்பாக்கம் இருக்கிறது. 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் அங்கே கைக்கோடரிகளைக் கண்டெடுத்தார். சாந்தி பப்புவின் குழு அங்கே அகழ்ந்து, அடியில் கிடந்த கருவிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என்று 2011இல் அறிவித்தது. அவற்றைச் செய்தவர்கள் நம் இனம் உருவாவதற்கு வெகுகாலம் முன்பு வாழ்ந்தவர்கள். கைக்கோடரி என்பது கல்லைக் கல்லால் நாலு தட்டுத் தட்டினால் வருவதல்ல. விளிம்பு எங்கே மெலிந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். தட்டும் முகத்துக்கும் பக்கத்துக்கும் இடையே கோணம் செங்கோணத்தைவிடக் குறுகலாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் செதில் பெயராது. ஒரு பக்கம் தட்டி, திருப்பி மறுபக்கம் தட்டி, இரண்டு பக்கமும் ஒத்துவரும்படி கொண்டுபோக வேண்டும். அடி தவறினால் கல் இரண்டாகப் போகும், விரலும் போகும்.

இதைப் பேச்சில்லாமல் கற்றுத்தர முடியுமா? தாமஸ் மார்கனும் குழுவினரும் 2015இல் 184 பேரை வைத்துச் சோதித்தார்கள், அதுவும் கைக்கோடரிகூட இல்லை, அதைவிட எளிய கற்செதில்களை வைத்து. சிலருக்குச் செய்து முடித்த செதிலை மட்டும் கொடுத்தார்கள். சிலருக்குச் செய்வதைப் பார்க்க விட்டார்கள். சிலருக்குக் கையைப் பிடித்துச் சரிசெய்தார்கள். சிலருக்குச் சைகையால் விளக்கினார்கள். சிலருக்குப் பேசியே சொல்லித்தந்தார்கள். பார்த்துக் கற்றவர்கள், செதிலை மட்டும் பெற்றவர்களைவிடப் பெரிதாக ஒன்றும் தேறவில்லை. சைகை வந்ததும் முன்னேற்றம் தெரிந்தது, பேச்சு வந்ததும் இன்னும் நன்றாகத் தெரிந்தது. ஆக, கல்லுடைத்த கூட்டத்தில் கொஞ்சம் நன்றாக விளக்கத் தெரிந்தவருக்கு மவுசு இருந்திருக்கும்.

எனக்கு இங்கே தோசை ஞாபகம் வருகிறது. அம்மாவிடம் தோசை ஊற்றக் கற்றுக்கொண்டவர்களுக்குத் தெரியும். "மாவை நடுவுல விட்டு இப்படி... இப்படி..." என்று கரண்டியைச் சுழற்றிக் காட்டுவார். அந்தப் பாடத்தில் முக்கியமான சொல் "இப்படி". அதற்கு எந்த அகராதியிலும் விடை கிடையாது, அவர் மணிக்கட்டில்தான் இருக்கிறது. அத்திரம்பாக்கத்திலும் ஒரு மணிக்கட்டும், "இப்படி" என்ற இடத்தில் ஓர் உறுமலும் இருந்திருக்கும் என்பது என் கற்பனை.

சரி, கை இவ்வளவு கெட்டிக்காரத்தனமாக இருந்தால் ஏன் பொறுப்பைக் குரலுக்கு விட்டுக்கொடுத்தது? காரணங்கள் அன்றாட வாழ்க்கையில் கிடக்கின்றன. கையில் கல் இருக்கிறது, இடுப்பில் குழந்தை இருக்கிறது. புதருக்கு அந்தப் பக்கம் நிற்பவனுக்குச் சைகை தெரியாது. பொழுது சாய்ந்தால் யாருக்கும் தெரியாது. தென்னாப்பிரிக்காவின் வொண்டர்வெர்க் குகையில் சுமார் 10 லட்சம் ஆண்டுகளுக்கு முன் நெருப்பு எரிந்ததற்கான தடயம் கிடைத்திருக்கிறது. நெருப்பு பகலை நீட்டித்தது. வேலை முடிந்து, எங்கும் போக முடியாமல், முகம் பாதி தெரிந்தும் தெரியாமலும் உட்கார்ந்திருக்கும் அந்த நேரத்தில் குரலுக்குத்தான் வேலை. பாலி வீஸ்னர் என்ற மானுடவியலாளர் கலஹாரியின் சான் மக்களிடம் பார்த்தது இது: பகல் பேச்சு பெரும்பாலும் வேலை, பங்கு, குறை. இரவு நெருப்பைச் சுற்றிப் பேசியதில் 81 சதவீதம் கதை. அதே சான் மக்கள் வேட்டையில் இரையை நெருங்கும்போது வாயை மூடிக்கொண்டு, அந்த விலங்கின் கொம்பு, தலை வடிவத்தை விரல்களால் காட்டிக்கொள்கிறார்கள். இடத்துக்குத் தகுந்தாற்போல் கையும் வாயும் மாறிக்கொள்ளும்.

உடம்பிலும் சில தடயங்கள் உண்டு. நாக்குக்கு அடியில் இருக்கும் சிறிய நாவடி எலும்பு, எத்தியோப்பியாவில் கிடைத்த 33 லட்சம் ஆண்டு பழைய ஒரு குழந்தையின் எலும்புக்கூட்டில் மனிதக் குரங்கினுடையது போல இருக்கிறது. ஸ்பெயினின் அட்டாபுவெர்க்காவில் கிடைத்த 4.3 லட்சம் ஆண்டு பழைய எலும்புகளில் நம்முடையது போல இருக்கிறது. அதே இடத்து மண்டையோடுகளின் காதெலும்பை அளந்து பார்த்ததில், மனிதப் பேச்சு அதிகம் புழங்கும் அலைவரிசைகளை நன்றாகக் கேட்கும் காது அவர்களுக்கு இருந்தது தெரிகிறது. கென்யாவில் கிடைத்த, சுமார் 15 லட்சம் ஆண்டு பழைய துர்கானா சிறுவனின் முதுகெலும்பில் நரம்பு செல்லும் துளை குறுகலாக இருக்கிறது, அதனால் நீண்ட வாக்கியத்துக்கு வேண்டிய மூச்சுக் கட்டுப்பாடு அவனுக்கு இருந்திருக்காது என்றார்கள். இதை மறுப்பவர்களும் உண்டு. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், பெரிய மாற்றம் நடந்தது 15 லட்சத்துக்கும் 5 லட்சத்துக்கும் இடைப்பட்ட காலமாக இருக்கலாம் என்பது என் கணிப்பு. "குரல்வளை கீழே இறங்கியதும் பேச்சு வந்துவிட்டது" என்று பழைய பாடப்புத்தகங்களில் இருப்பதை அப்படியே நம்ப வேண்டாம். சிவப்பு மானுக்கும் குரல்வளை கீழேதான் இருக்கிறது. சாதாரண மக்காக் குரங்கின் தொண்டையே பேச்சுக்குப் போதும், அதை ஆளும் மூளைதான் இல்லை என்று 2016இல் கணினி வைத்துக் காட்டிவிட்டார்கள்.

இன்னொரு வாசலும் இருக்கிறது, அது தாலாட்டு. சொல்லுக்கு முன்னால் ராகம் வந்திருக்கும் என்று 1871லேயே எழுதியவர் டார்வின். மானுடவியலாளர் டீன் ஃபாக் அதை வேறு பக்கத்திலிருந்து பிடித்தார். சிம்பன்சிக் குட்டி தாயின் முடியைப் பற்றிக்கொண்டு தொங்கும். நம் முன்னோர்களின் குழந்தைக்குப் பற்றிக்கொள்ளத் தாயின் உடம்பில் முடியும் இல்லை, பிடிக்கும் வலுவும் இல்லை. கிழங்கு தோண்ட வேண்டுமென்றால் தாய் குழந்தையைக் கீழே கிடத்தியாக வேண்டும். கை விட்ட இடத்தில் குரல் பிடித்துக்கொண்டது: "இங்கேதான் இருக்கிறேன்". தால் என்றால் நாக்கு. நாவை ஆட்டிப் பாடுவது தாலாட்டு. "ராரிராரோ" என்பதற்குப் பொருள் கேட்டு எந்தக் குழந்தையும் அழுததில்லை.

கடைசியாக ஒன்று மிச்சம்: பேச்சு வந்த பிறகு சைகை என்ன ஆனது? எங்கும் போகவில்லை. விருந்துக்குப் போன வீட்டில் இரண்டாவது ஜாங்கிரிக்குக் கை நீட்டும்போது அம்மா போடும் கண்ஜாடையில் ஒரு முழுப் பத்தி இருக்கிறது. போனில் வழி சொல்லும்போது எதிரில் யாருமே இல்லாமல் இடதுகையை வளைத்து "அங்கிருந்து இப்படித் திரும்பினால்" என்கிறோம். இதெல்லாம் மற்றவர்களைப் பார்த்துப் பழகியது என்று சொல்லலாம்தான். ஆனால் ஜானா ஐவர்சனும் கோல்டின்-மெடோவும் 1998இல், பிறவியிலேயே பார்வையில்லாத பிள்ளைகளைப் பேசவிட்டுப் பார்த்தார்கள். வாழ்நாளில் ஒரு சைகையைக்கூடக் கண்டிராத பிள்ளைகள் அவர்கள். பேசும்போது அவர்கள் கைகளும் அசைந்தன. கேட்பவருக்கும் பார்வை கிடையாது என்று தெரிந்த பிறகும் அசைந்தன.